அல்லி திரும்பிப் பார்க்கவில்லை

ஜெயசீலன் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. குருவுக்கு முப்பது. சிரிக்க வேண்டாம், ஞானத்துக்கு யாரும் வயதுச் சான்றிதழ் கேட்பதில்லை. குரு சீடரை 'சார்' என்பதும், சீடர் குருவை 'ஆசான்' என்பதும் அந்த ஏரிக்கரையில் மட்டும் நடக்கிற கூத்து.

குருவின் பெயர் உமையாள். கடலும் ஏரியும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கிற இடத்தில், படகு பிடித்தால் மட்டுமே போய்ச்சேர முடிகிற ஒரு மணல்திட்டில் குடியிருந்தார். மூன்று அறை, ஒரு கிணறு, கூரைமேல் சூரிய மின்தகடு. ஆசிரமம் என்று மற்றவர்கள்தான் சொன்னார்கள். கணினி விளையாட்டு செய்கிறவர்கள் எதிலாவது வசமாகச் சிக்கிக்கொண்டால் அங்கே போவார்கள். உமையாள் பத்து வருஷம், அடுத்தவர்கள் செய்த விளையாட்டை விளையாடிப் பார்த்துக் குறை சொல்லும் வேலையில் இருந்தவர். ஒருநாள் குறை சொல்வது அலுத்துப்போய் இங்கே வந்துவிட்டார்.

ஜெயசீலன் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த மனிதர். பாதி வயசுக்கு மேல் விளையாட்டு செய்யும் ஆசை வந்தது. முதல் விளையாட்டைச் செய்து எடுத்துக்கொண்டு போய் உமையாளிடம் காட்டினார். உமையாள் பத்து நிமிஷம் விளையாடினார். "நல்லா தூக்கம் வருது சார்" என்று சொல்லி லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து இவர் சீடர்.

ஆறு வருஷம் கழித்து, ஒரு மார்கழிக் காலையில், ஜெயசீலன் மறுபடி அந்தத் திட்டில் வந்து இறங்கினார். ஏரி முழுக்கப் பனி. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒன்றும் பிடிபடவில்லை. எங்கேயோ பூநாரைகள் முனகிக்கொண்டிருந்தன.

உமையாள் வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், கண்ணெல்லாம் இப்படி வீங்கியிருக்கு?"

"ஊரே திட்டுது ஆசான்."

"எந்த ஊரு?"

"எல்லா ஊரும்."

விஷயம் இதுதான். ஜெயசீலனும் அவருடைய அலுவலகத்தில் இருக்கிற பதினோரு பேரும் சேர்ந்து மூன்று வருஷம் பாடுபட்டு 'அக்கரை' என்று ஒரு விளையாட்டு செய்திருந்தார்கள். விளையாடுகிறவர் அதில் ஒரு படகுக்காரர். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்த அல்லி என்கிற ஏழு வயசுப் பெண்ணை, தீவு தீவாகத் துடுப்புப் போட்டுக் கடந்து, அக்கரையில் இருக்கிற அவள் அம்மாவிடம் சேர்க்க வேண்டும். முப்பது மணி நேரம் ஆகும். கடைசியில் படகு கரை தட்டுகிறது. அல்லி குதித்து இறங்குகிறாள். மணலில் நடந்து போகிறாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான், முடிந்தது.

விளையாடினவர்களுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. 'முப்பது மணி நேரம் துடுப்புப் போட்டேனே, ஒரு தடவை திரும்பிப் பார்த்தா குறைஞ்சா போயிடுவா?' என்று ஒருத்தர். 'எங்கம்மாவும் நானும் சேர்ந்து விளையாடினோம். முடிஞ்சதும் அம்மா அவ்வளவுதானான்னு கேட்டாங்க. நான் என்னத்தைச் சொல்ல?' என்று இன்னொருத்தர். முடிவை மாற்றச் சொல்லி நாற்பதாயிரம் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பத்து நாளில் பதில் சொல்கிறோம் என்று முந்தைய நாள்தான் அலுவலகத்திலிருந்து அறிவித்திருந்தார்கள்.

"ஆபீஸ்ல பாதிப் பேர் மாத்திடலாங்கிறாங்க. பாதிப் பேர் மாத்தக் கூடாது, ஏன் அப்படி முடிச்சோம்னு விளக்கிடலாங்கிறாங்க. ரெண்டுல எதுன்னு நான்தான் சொல்லணுமாம்."

"சொல்லுங்களேன்."

"தெரியாமத்தானே வந்திருக்கேன்!" என்றார் ஜெயசீலன். "நான் மனசறிஞ்சு செஞ்சது இது ஒண்ணுதான் ஆசான். இதுலயும் தப்புப் பண்ணிட்டேன்னா, சத்தியமா இனிமே எதையும் தொட மாட்டேன். கடையை மூடிட்டு வீட்டோட கிடப்பேன்."

உமையாள் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "விளக்கம் எழுதி வச்சிருக்கீங்களா?"

எழுதி வைத்திருந்தார். பதினொரு பக்கம். ஜெயசீலன் வாசிக்க ஆரம்பித்தார். பற்று, பிரிவு, பயணத்தின் பொருள் என்று போனது. மூன்றாம் பக்கத்தில் உமையாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அல்லிக்கு இதெல்லாம் தெரியுமா சார்?"

"அவளுக்கு எப்படித் தெரியும்? சின்னப் பொண்ணு."

"சரி. மாத்தினதையும் கொண்டுவந்திருப்பீங்களே?"

அதையும் கொண்டுவந்திருந்தார். அரை நாள் வேலைதான் அது. ஜெயசீலன் லேப்டாப்பைத் திறந்து ஒரு பட்டனைத் தட்டினார். கரை வந்தது, அல்லி இறங்கினாள், நாலடி நடந்தாள், திரும்பினாள், சிரித்தாள், கையை ஆட்டினாள்.

"நல்லாத்தான் ஆட்டறா. யாருக்கு ஆட்டறா?"

"படகுக்காரருக்கு."

"எனக்கென்னவோ நாற்பதாயிரம் பேருக்கு ஆட்டற மாதிரி இருக்கு."

ஜெயசீலன் லேப்டாப்பை மூடப்போனார். உமையாள் மூட விடவில்லை.

"இப்ப ஏதோ ஒரு பட்டனைத் தட்டினீங்களே, அது என்ன?"

"அது எங்க வசதிக்கு வச்சது ஆசான். தட்டினா நேரா கடைசிக் கரைக்குப் போயிடும். சோதிச்சுப் பார்க்கணும்ல? ஒவ்வொரு தடவையும் முப்பது மணி நேரம் துடுப்புப் போட முடியுமா?"

"கடைசிக் கரைக்கு எத்தனை தடவை போயிருப்பீங்க?"

"நான் மட்டும் நானூறு தடவையாவது போயிருப்பேன்."

"எல்லாம் இந்தப் பட்டன் வழியாத்தானா?"

"ஆமா."

"படகுல?"

ஜெயசீலன் தீவுகளைத் தனித்தனியாகச் சோதித்ததுண்டு. காற்றை, அலையை, துடுப்பின் கனத்தை எல்லாம் துண்டுதுண்டாகச் சரிபார்த்ததுண்டு. இக்கரையில் ஏறி அக்கரையில் இறங்கினது மட்டும் கிடையாது. அவர் மட்டுமில்லை, அலுவலகத்தில் ஒருத்தரும் கிடையாது.

"அந்தப் பட்டனை எடுத்துடுங்க" என்றார் உமையாள். "சாப்பிட்டுட்டு உக்காருங்க."

"ஆசான், ஒன்பது நாள்தான் இருக்கு."

"அப்ப சீக்கிரம் சாப்பிடுங்க."

அன்று மத்தியானம் ஜெயசீலன் படகில் ஏறினார். திரையைச் சொல்கிறேன், அதுவும் மாற்றாத பழைய விளையாட்டு. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அந்த ஏரி, அந்தப் பக்கம் இந்த ஏரி. முதல் ஒரு மணி நேரம் வங்கிக் கணக்கரைப் போல விளையாடினார். இங்கே அலை சரியில்லை, அங்கே நிழல் ஒட்டவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போனார். அப்புறம் தாள் காற்றில் பறந்து போனது. எழுந்து போய் எடுக்கவில்லை.

இரண்டாம் நாள் ஒரு சங்கதி நடந்தது. கை வலிக்கிறதே என்று துடுப்பை நிறுத்தி வைத்தார். படகு தானாக மிதந்தது. அல்லி பாட ஆரம்பித்தாள். வார்த்தை இல்லாத பாட்டு. ஜெயசீலன் திடுக்கிட்டுப் போய் அலுவலகத்துக்குப் போன் போட்டார். தமயந்தி எடுத்தார். அல்லியின் பேச்சு, நடை எல்லாவற்றையும் எழுதினவர் அவர்தான்.

"தமயந்தி, அல்லி பாடுவாளா?"

"என்ன சார் கேக்கறீங்க? அவ ரெண்டு வருஷமா பாடிட்டுத்தான் இருக்கா."

"எனக்குத் தெரியாதே!"

"துடுப்பை நிறுத்தினாத்தான் பாடுவா. நீங்க எங்க நிறுத்தினீங்க?" பிறகு தயங்கிக் கேட்டார். "என்ன சார் முடிவு பண்ணீங்க? மாத்தறோமா, விளக்கறோமா?"

"இரு தமயந்தி. இன்னும் பாதித் தூரம்கூட வரல."

அதற்கப்புறம் அவர் போனை எடுக்கவில்லை. ஒவ்வொரு தீவு வரும்போதும் அல்லி, "இங்க யாரு இருக்கா?" என்று கேட்டாள். யாரும் இல்லாத தீவிலும் கேட்டாள். தண்ணீரில் விரலை விட்டுக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். வெயில் ஏறினால் படகுக்காரரின் முழங்காலில் தலையை வைத்துத் தூங்கினாள். வேகமாகத் துடுப்புப் போட்டால் விழித்துக்கொண்டு விடுவாள் என்று ஜெயசீலன் மெதுவாகப் போட்டார். அவள் விழிப்பாள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தானாகவே கை மெதுவாகிவிட்டது.

மூன்றாம் நாள் அவருக்கு எது எந்த ஏரி என்பதே குழம்பிப்போனது. சாப்பிட எழுந்தபோது தரை லேசாக ஆடியது. ஜன்னலுக்கு வெளியே பூநாரைக் கூட்டம் எழுந்து பறந்தது. "அல்லி, அங்க பாரு" என்று சொல்லிவிட்டார். சோற்றைப் போட்டுக்கொண்டிருந்த உமையாள் காதில் விழுந்தது. அவர் குழம்பை ஊற்றினார்.

"ஆசான், இவளைக் கொண்டுபோய் விட்டுட்டா அப்புறம் நான் என்ன பண்ணுவேன்?"

"படகுக்காரர் என்ன பண்ணுவாரோ அதைப் பண்ணுங்க."

"அவர் என்ன பண்ணுவார்னு நாங்க யோசிக்கவே இல்லையே."

"ரசம் விடவா?"

நான்காம் நாள் சாயங்காலம் கரை தெரிந்தது. வெள்ளை வெளேரென்று நீளமான மணல். அதன் கடைசியில் பனைமரங்கள். நானூறு தடவை பார்த்த கரைதான். ஆனால் ஜெயசீலன் துடுப்பை நிறுத்திவிட்டார். கிட்டத்தட்ட கால் மணி நேரம் படகைச் சும்மா மிதக்க விட்டார். அல்லி பாடிக்கொண்டிருந்தாள். உமையாள் பின்னால் வந்து நின்றது அவருக்குத் தெரியாது.

பிறகு துடுப்புப் போட்டார். படகு கரை தட்டியது. அல்லி குதித்து இறங்கினாள். பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"பார்த்துப் போ" என்றார் ஜெயசீலன்.

அவள் ஏழெட்டு அடி போயிருப்பாள். திரை நடுவில் கொட்டை எழுத்தில் ஒரு பெயர் வந்து நின்றது. 'உருவாக்கம்: ஜெயசீலன்.' அல்லி அதற்குப் பின்னால் மறைந்துபோனாள்.

"யோவ், தள்ளுய்யா!" என்று கத்தினார் ஜெயசீலன். தலையைச் சாய்த்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். கையால் திரையைத் துடைத்தார். "யாருய்யா இவன் குறுக்க!"

அப்புறம்தான் அது தன் பெயர் என்று உறைத்தது. அடுத்தடுத்துப் பதினோரு பெயர்கள் வந்தன. திரை கறுத்துப் போனது.

அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். உமையாள் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"எவ்வளவு நேரம் சார் விட்டிருந்தீங்க? அவ இறங்கினதுக்கும் பேர் வந்ததுக்கும் நடுவுல?"

"ஒன்பது விநாடி."

"முதல்லருந்தே ஒன்பதுதானா?"

ஜெயசீலன் முகத்தைக் கையால் தேய்த்தார். "இல்ல ஆசான். முதல்ல நேரமே வைக்கல. அவ அந்தப் பனைமரம் வரைக்கும் போவா. போய் மறையற வரைக்கும் நாம படகுல நின்னு பார்க்கலாம். மறைஞ்ச பிறகும் நிக்கலாம். நாமளாப் படகைத் திருப்பினாத்தான் பேர் ஓடும். அப்படித்தான் செஞ்சேன். ஆனா தினமும் இருபது தடவை சோதிக்கணும். ஒவ்வொரு தடவையும் அவ போய்ச்சேர நாலு நிமிஷம் ஆகும். சும்மா உக்காந்து பார்த்துட்டு இருக்க முடியல. வேலை ஓடணுமேன்னு ரெண்டு நிமிஷமாக்கினேன். அப்புறம் ஒண்ணு. கடைசி மாசம் ஒன்பது விநாடி. வெளியிடும்போது பழையபடி மாத்திக்கலாம்னு நினைச்சேன்."

"மாத்தலையா?"

"மறந்தே போச்சு."

வெளியே படகு ஒன்று போகும் சத்தம் கேட்டது. ஜெயசீலன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"என் பொண்ணை முதல் நாள் ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டேன். அழுவா, காலைக் கட்டிப்பான்னு லீவு போட்டுட்டுப் போயிருந்தேன். அவ பாட்டுக்குக் கையை விட்டுட்டு உள்ள போயிட்டா. திரும்பியே பார்க்கல. எனக்குச் சந்தோஷமா வருத்தமான்னு தெரியல ஆசான். கேட்டுக்கு வெளியவே நின்னுட்டு இருந்தேன். வாட்ச்மேன் வந்து, மணி பத்தரை ஆச்சு, போங்க சார்னு சொன்னார். அதுதான் இந்த விளையாட்டு. வேற ஒண்ணும் இல்ல."

"பதினொரு பக்கத்துல இது வரலையே சார்?"

"எழுத வெக்கமா இருந்துச்சு."

உமையாள் எழுந்து விளக்கைப் போட்டார். "இப்ப எவ்வளவு நேரம் ஆகும், அந்த ஒன்பதை எடுக்க?"

"ஒரு எண்ணுதானே. ரெண்டு நிமிஷம்."

எடுத்தார். எடுத்துவிட்டு, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, பழக்க தோஷத்தில் அந்தப் பட்டனைத் தேடி விரலைக் கொண்டுபோனார். பட்டன்தான் இல்லையே. உமையாள் சிரித்துவிட்டார்.

"எழுந்திருங்க சார். நான் உக்காரறேன்."

"ஆசான், மறுபடி முப்பது மணி நேரமா? முதல் கரையிலருந்தா?"

"வேற எங்கருந்து ஏறுவாங்க?"

ஐந்தாம் நாள் காலை உமையாள் படகில் ஏறினார். சும்மா சொல்லக் கூடாது, குருவுக்குத் துடுப்புப் போடவே தெரியவில்லை. பாறையில் மோதினார். நாணலில் சிக்கினார். ஒரே தீவை மூன்று தடவை சுற்றினார். "ஐயையோ, போச்சு போச்சு!" என்று கூவினார். அல்லி பயந்துபோய்ப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஜெயசீலனுக்குக் கை துறுதுறுவென்று வந்தது. இடதுபக்கம் போங்க ஆசான் என்று சொல்ல வாய் வரை வந்துவிடும், விழுங்கிக்கொள்வார். ஆறாம் நாள் உமையாள் அமைதியானார். ஏழாம் நாள் சமையலை மறந்துவிட்டார். ஜெயசீலன்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தார். அன்றைக்கு முழுக்க இரண்டு பேரும் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். எட்டாம் நாள் வெளியே பனி விலகவே இல்லை. ஜன்னலில் ஏரியும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. வீடே எங்கோ மெதுவாகப் போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை அக்கரை தெரிந்தது. தமயந்தியிடமிருந்து போன் வந்தபடி இருந்தது. ஜெயசீலன் வெளியே போய் எடுத்தார்.

"சார், இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பதில் போட்டாகணும். எல்லாரும் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டே உக்காந்திருக்காங்க. நீங்க சொன்னா டைப் அடிச்சு வச்சிடுவேன்."

"கேட்டுச் சொல்றேன்" என்று அவர் உள்ளே ஓடிவந்தார்.

படகு கரை தட்டியிருந்தது. அல்லி குதித்து இறங்கினாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஜெயசீலன் மனசுக்குள் எண்ணினார். ஏழு, எட்டு, ஒன்பது. பெயர் வரவில்லை. இருபது. முப்பது. மணலில் சின்னச் சின்னக் காலடித் தடங்கள் நீண்டுகொண்டே போயின. ஒரு நிமிஷம் தாண்டியது. அவள் ஒரு விரல் உயரம் ஆகிவிட்டாள். காற்றில் பாவாடை படபடத்தது. பனைமரங்கள் இன்னும் தூரத்தில் இருந்தன.

போன் கையில் அதிர்ந்தது. ஜெயசீலனால் தாங்க முடியவில்லை.

"ஆசான், அவங்க கேக்கறாங்க. சாயங்காலம் நான் ஊருக்கே பதில் சொல்லணும். முடிவை மாத்திட்டோம்னு சொல்லவா? இல்ல, ஏன் இப்படின்னு விளக்கிச் சொல்லவா? இது ரெண்டுல எதுன்னே எனக்குத் தெரியல."

உமையாள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் கை இன்னும் துடுப்பில்தான் இருந்தது.

"கொஞ்சம் பேசாம இருங்க சார். பொண்ணு இன்னும் போயிட்டிருக்கா."